கார்ல் லெம்லி: படத்தொழிலும் பிணைக் கையெழுத்தும்

அமெரிக்கத் திரைப்படத் தொழிலின் வரலாற்றை எழுதியோர் பலரும் கார்ல் லெம்லியின் கதையை 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களோடு முடித்துவிடுவர். அத்திங்களில்தான் அவர் தாம் நிறுவி வளர்த்த யூனிவர்சல் நிறுவனத்தைப் பிறர் கையில் ஒப்புவித்து வெளியேறினார். அதன்பின் அவர் உயிர் வாழ்ந்தது மூன்றரை ஆண்டுகளே. தொழிலை மட்டும் நோக்குவார்க்கு அவை வெற்றாண்டுகள். ஆயின், இட்லர் ஆட்சியில் யூதர்கள் புகலிடம் தேடி அலைந்த வரலாற்றை ஆராய்வார்க்கு லெம்லியின் கதை தொடங்குவதே அங்கேதான். இவ்விரு சாராரும் தத்தம் துறையளவில் நின்று எழுதினமையின், ஒரே மனிதர் இரு வேறு மனிதராய் நமக்குத் தோன்றுகின்றார். ஒருவர், உறவினரையெல்லாம் ஊதியப் பட்டியலில் ஏற்றி ஊரார் நகைப்புக்கு இலக்கான முதலாளி. மற்றவர், முன்பின் அறியாதார் பலர்க்கும் தம் உடைமையைப் பிணையாக வைத்துக் கையெழுத்திட்ட வள்ளல். இவ்விரண்டு செயல்களுக்கும் மூலமான பண்பு ஒன்றே என நாம் கருதுகின்றோம். அங்ஙனம் கருதுதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

லெம்லி 1867ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள், தென்செருமனியில் வியூர்ட்டம்பர்க் நாட்டைச் சார்ந்த லௌபைம் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நாட்டு யூதக் குடியிருப்புக்களுள் மிகப் பெரியதாக இருந்தது அவ்வூர். எண்ணூற்றுக்கு மேற்பட்ட யூதர்கள் ஆங்கு வாழ்ந்தனர். ஊரின் கடைகளும் கால்நடை வாணிகமும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தன. கிறித்தவரும் யூதரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்கு அறிந்திருந்த ஊர் அது. இச்செய்தியை நாம் மறத்தலாகாது. ஊர் என்றால் லெம்லிக்கு என்ன பொருள் என்பது பின்னர் நமக்கு வேண்டப்படும்.

பதின்மூன்றாம் அகவையில் அவர் இக்கன்ஹௌசன் என்னும் ஊரில் ஒரு வணிகரிடம் தொழில் பழக விடப்பட்டார். கணக்கெழுதவும் கடிதம் வரையவும் பயின்றது அங்கேதான். 1883இல் தாயார் இறந்தார். மறு ஆண்டிலேயே, பதினேழு அகவையில், கப்பலேறி நியூயார்க்கை அடைந்தார். அவருடைய அண்ணன் யோசப்பு முன்னரே சிக்காகோ சென்றிருந்தமையின் தம்பியும் அங்குச் சென்றார். குடிபெயர்ந்தோர் வரலாற்றில் இது பொதுவான நெறி: முன் சென்றவன் பின் வருவானை அழைப்பான், அழைக்கப்பட்டவன் மற்றொருவனை அழைப்பான். லெம்லியின் பிற்கால வாழ்வு முழுவதும் இந்நெறியின் பெருக்கமே எனலாம். அமெரிக்காவில் அவர் முதலிற் பார்த்த வேலைகள் பலவும் சில்லறையானவை. அவற்றை விரித்தல் வேண்டா. 1894 முதல் விசுகான்சின் மாநிலத்து ஓசுகாசு நகரில் ஓர் ஆயத்த ஆடைக் கடையில் கணக்கராய் அமர்ந்து, பின் அதன் மேலாளரானார். 1898இல் கடையுரிமையாளரின் உறவினரான ரெக்கா சுடெர்ன் என்பாரை மணந்தார்.

1906இல், முப்பத்தொன்பதாம் அகவையில், அவ்வேலையை விட்டுச் சிக்காகோவுக்கு மீண்டார். மலிவுப் பண்டக் கடை ஒன்று தொடங்குவதே அவர் எண்ணம். ஐந்து காசுக்குப் படம் காட்டும் சிற்றரங்கு ஒன்றின் வாயிலில் மக்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு, எத்துணைப் பேர் உள்ளே செல்கின்றனர் என அவர் எண்ணிப் பார்த்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. கணக்கரின் இயல்புக்கு அது பொருத்தமாகவே உள்ளது. அவ்வாண்டு பிப்பிரவரித் திங்களில் மில்வாக்கி அவென்யுவில் 'ஒயிட் பிரண்ட்' என்னும் பெயரில் தம் முதல் அரங்கைத் திறந்தார். சில திங்கள்களில் படங்களை வாடகைக்கு விடும் நிலையம் ஒன்றையும் தொடங்கினார். அக்காலத்து அரங்குகளுக்கு வந்தவருள் பெரும்பாலோர் ஆலைத் தொழிலாளரும் புதிதாகக் குடியேறியோரும் ஆவர். ஆங்கிலம் அறியாதாரும் பார்த்து மகிழத்தக்கது பேசாப்படம். தம் போன்றோரின் காசையும் பொழுதையும் அறிந்த ஒருவர் அத்தொழிலில் விரைந்து வளர்ந்ததில் வியப்பில்லை.

இங்கு அவர் வளர்ச்சிக்குத் தடையாய் நின்றது எடிசன் முதலியோர் 1908 இறுதியில் அமைத்த காப்புரிமைக் கூட்டு. படப்பெட்டி, காட்டும் பொறி ஆகியவற்றின் காப்புரிமைகள் யாவும் அக்கூட்டின் கையில் இருந்தன. படச்சுருள் செய்யும் ஈசுட்மன் நிறுவனமும் அதனோடு உடன்பட்டிருந்தது. ஒவ்வோர் அரங்கினரும் வாரந்தோறும் இரண்டு டாலர் உரிமைக் கட்டணம் செலுத்துதல் வேண்டும் என அது விதித்தது. தாம் விலை கொடுத்து வாங்கிய பொறியை இயக்குதற்கும் வாரந்தோறும் வரி செலுத்துவதா என அரங்கினர் முணுமுணுத்தனர். முணுமுணுத்தவர் பலரும் கட்டினர். லெம்லி 1909 ஏப்பிரலில் கூட்டினின்றும் விலகினார். விலகியதோடு அமையாமல், வாடகைக்கு விடுதற்குப் படம் கிடைக்காதாகலின், 'இம்ப்' எனச் சுருக்கி வழங்கப்பெற்ற தனி நிறுவனத்தைத் தொடங்கித் தாமே படம் பிடிக்கலானார். அதன் முதற்படம் அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது.

கூட்டு அவர்மீது வழக்குமேல் வழக்குத் தொடுத்தது. 289 வழக்குகள் எனப் பலரும் எழுதுவர். நம் நோக்குக்கு வழக்கெண்ணிக்கையைக் காட்டிலும் அவர் போரிட்ட முறையே இன்றியமையாதது. வழக்குமன்றத்தில் வழக்கறிஞர் வாதிட, லெம்லி தொழில் இதழ்களின் விளம்பரப் பக்கங்களில் வாதிட்டார். விளம்பர எழுத்தாளர் இராபர்ட்டு காக்ரேன் அவருக்குத் துணை நின்றார். கூட்டினை ஒரு கொழுத்த படைத்தலைவனாக உருவகித்து நகையாடும் கேலிப்படங்கள் வாரந்தோறும் வெளிவந்தன. அரங்கு நடத்துவோரை நேரே விளித்து, நண்பர்க்கு எழுதும் கடிதம்போல் எழுதப்பட்டவை அவ்விளம்பரங்கள். பின்னாளில் யூனிவர்சல் நிறுவனத்தின் தலைவரான போதும் பெருவிற்பனை வார இதழில் தம் பெயரால் இவ்வாறே பொதுமக்களுக்கு எழுதிவந்தார். கடிதமே அவருடைய கருவி. 1915 அக்டோபரில் கூட்டின் செயல்கள் வாணிகத்தைச் சட்டத்துக்கு மாறாகத் தடுப்பன எனக் கூட்டரசு வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1912இல், லெம்லியும் பிற தனி நிறுவனத்தாரும் சேர்ந்து யூனிவர்சலை அமைத்துவிட்டனர். 1915 மார்ச்சு 15ஆம் நாள் கலிபோர்னியாவில், 230 ஏக்கர் நிலத்தில், யூனிவர்சல் நகர் திறக்கப்பட்டது. படம் பிடித்தலைப் பார்க்க வந்தோரிடம் இருபத்தைந்து காசு வாங்கிக்கொண்டு அவர்களை அமரவைக்கும் மேடையும் ஆங்கு இருந்தது. பேசும்படம் வந்து அரவம் ஆகாதெனும் வரையில் அது நடந்தது.

இனி அவர் நகைக்கப்பட்ட செய்திக்கு வருவோம். யூனிவர்சல் நகரில் பணி புரிந்தோருள் லெம்லியின் உற்றார் உறவினர் மிகப் பலர். அண்ணன் மக்கள், தங்கை மக்கள், மனைவி வழியினர், அவர்தம் உறவினர், லௌபைமிலிருந்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலிருந்தும் வந்தோர் ஆகிய பலரும் அங்கு இருந்தனர். நிறுவனம் கைமாறியபோது எழுபதுக்கு மேற்பட்ட உறவினர் ஊதியப் பட்டியலில் இருந்தனர் எனத் திரைப்பட வரலாற்றாசிரியர் எழுதுவர். அவரை எல்லாரும் 'கார்ல் மாமா' என்றே வழங்கினர். அவ்வழக்கில் அன்பும் ஏளனமும் சரிபாதியாக இருந்தன. ஆகுடன் நாசு என்னும் நகைச்சுவைக் கவிஞர் அவர் குடும்பத்தின் பெருமையை இரண்டடியில் ஏளனம் செய்தது இன்றும் அத்தொழிலார் வாயில் வழங்குகின்றது.

அவ்வுறவினருள் சோம்பேறிகளும் இருந்தனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் 1920இல் லெம்லி அழைத்து வந்தவருள் ஒருவர், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரியின் மகனான வில்லியம் வைலர். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இயக்குநர். லெம்லியின் மகனான இளைய கார்ல் இருபத்தோராம் அகவையில் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றபோது நகையாடாதார் இல்லை. அந்த இளைஞரின் பொறுப்பில் வெளிவந்த படங்களே அந்நிறுவனத்தின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்துவன. ஆனால் இவ்வாறு கணக்குப் பார்த்து அவரைக் காப்பது நம் கருத்தன்று. திறமைக்கு இடம் தந்தார் என்றால் எந்த முதலாளியும் அதைச் செய்வான். லெம்லி திறமை பார்த்து அழைத்தாரல்லர். உறவும் ஊரும் பார்த்து அழைத்தார். அழைத்தபின் சிலர் திறமையுடையவராய் அமைந்தனர்.

திருவள்ளுவர் சுற்றந்தழால் என்னும் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்தாரல்லர். பொருட்பாலில், அரசியலில், ஐம்பத்து மூன்றாவதாக வைத்தார். சுற்றத்தைத் தழுவி நிற்றல் வீட்டளவில் அமையும் பண்பாக மட்டும் நில்லாது, ஆள்வோனுக்குரிய கடமையாகவும் ஆதல் இவ்வைப்புமுறையால் புலப்படும். லெம்லியை அவ்வதிகாரம் கொண்டு அளப்பது ஒவ்வாது என்பார் உளராயின், அவரிடம் நாம் கேட்பது ஒன்றே: சுற்றம் என்பதன் எல்லை யாது? இவ்வினாவிற்கு லெம்லியின் வாழ்வு தரும் விடை ஆண்டுதோறும் விரிந்துகொண்டே செல்கின்றது. முதலில் உடன்பிறந்தார்; அடுத்து உறவினர்; அடுத்து ஊரார்; இறுதியில் முகமறியாதார்.

ஊரார்மீது அவர் கொண்ட பற்று முதல் உலகப் போரின்போது இடருற்றது. அமெரிக்கா போரில் இறங்கியபின், 1918இல், செருமானியப் பேரரசரைக் கொடியவராகக் காட்டும் ஒரு படத்தை யூனிவர்சல் வெளியிட்டது. செருமனியில் பிறந்த ஒருவர் தம் அமெரிக்கப் பற்றை மெய்ப்பிக்க வேண்டியிருந்த காலம் அது. எனினும் அத்தகைய வசைப்படத்தால் செருமனியில் அவர் பெயர் நெடுங்காலம் கெட்டிருந்தது. போர் முடிந்தபின் லௌபைமுக்கு உணவும் உடையும் பணமும் தொடர்ந்து அனுப்பினார். கிறித்தவர், யூதர் என்னும் வேறுபாடு அதில் இல்லை. ஏறத்தாழ ஆண்டுதோறும் கோடையில் தாமே ஊருக்குச் சென்றார். ஊரார் அவரைச் சிறப்புக் குடிமகனாக ஏற்றனர். ஒரு தெருவுக்கு அவர் பெயர் இட்டனர்.

1930இல் வெளிவந்தது, எரிக் மரியா ரெமார்க்கின் புதினத்தைத் தழுவிய 'மேற்குப் போர்முனையில் அமைதி' என்னும் படம். லூயிசு மைல்சுடோன் இயக்கினார். செருமானியப் படைவீரரை மனிதராகவே காட்டிய அமெரிக்கப் படம் இது. வகுப்பறையில் ஆசிரியரின் வீரவுரை கேட்டுப் போருக்குச் சென்ற மாணவர் ஒருவர்பின் ஒருவராய் மடிவதே கதை. அவ்வாண்டின் சிறந்த படத்திற்குரிய அகாடமிப் பரிசை அது பெற்றது. 1918ஆம் ஆண்டு வசைக்கு இப்படம் ஒரு கழுவாய் என லெம்லி எண்ணியிருத்தல் கூடும். செருமானியர் இதனை வரவேற்பர் என்றே அவர் நம்பினார்.

நடந்தது வேறு. 1930 செப்டம்பர்த் தேர்தலில் நாட்சிக் கட்சி 107 இடங்களைப் பெற்றிருந்தது. திசம்பர் 4ஆம் நாள் பெர்லினில் நொல்லெண்டார்ப்புச் சதுக்கத்து அரங்கில் படம் முதன்முறை காட்டப்பட்டது. மறுநாட் காட்சியில் கோபல்சு தம் கட்சியாரோடு அரங்கினுள் புகுந்தார். நாற்றக் குண்டுகள் எறியப்பட்டன, வெள்ளெலிகள் அவிழ்த்துவிடப்பட்டன, யூதர் எனக் கருதப்பட்டோர் தாக்கப்பட்டனர். அடுத்த நாட்களில் தெருக்களில் கூட்டம் திரண்டது. திசம்பர் 11ஆம் நாள் மேல்தணிக்கைக் குழு, படம் செருமனியின் நற்பெயருக்குக் கேடு விளைப்பது எனக் கூறி அதனைத் தடை செய்தது. கலகம் செய்தவரை அடக்குதற்கு மாறாக, கலகத்துக்கு இலக்கானதை அரசு அடக்கியது. இட்லர் அரசேறுதற்கு இரண்டாண்டுகட்கு முன், குடியரசு நிலவிய காலத்திலேயே இது நிகழ்ந்தது என்பது நினைக்கத்தக்கது.

இதன்பின் லெம்லி செய்ததை அவர்பால் அன்புடையோர் விரைந்து கடந்து செல்வர். நாம் அங்ஙனம் செய்தற்கில்லை. 1931இல் படம் மீண்டும் செருமனியில் காட்டப்பெறுதற்காக யூனிவர்சல் நிறுவனம் பல காட்சிகளை வெட்டியது. அவ்வாறு வெட்டிய படியையே பிற நாடுகளிலும் காட்டுவதாகவும் உடன்பட்டது. எடிசன் கூட்டின் இரண்டு டாலர்க் கட்டணத்துக்கு வளையாத மனிதர் இங்கு வளைந்தார். செருமனிச் சந்தையின் வருவாய் ஒரு காரணம். ஊரின் நன்மதிப்பை இழக்க மனமின்மை மற்றொரு காரணம் எனக் கொள்வது தவறாகாது. எதுவாயினும் விளைவு ஒன்றே: படத்தின் வாயிலாகப் பேசுதல் என்னும் வழி, படம் விற்பனைப் பொருளாக இருக்கும் வரையில், எதிரியின் கத்தரிக்கோலுக்கு உட்பட்டது. 1937இல், லெம்லி விலகியபின், அதே ரெமார்க்கின் அடுத்த புதினத்தை யூனிவர்சல் படமாக்கியபோது லாசு ஏஞ்சலிசிலிருந்த செருமானியத் தூதர் நடிகர்கட்கே அச்சுறுத்தற் கடிதம் அனுப்பினார். அப்படமும் வெட்டுண்டது.

லெம்லி இதனை எப்பொழுது உணர்ந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1932 சனவரியில் அவர் செய்தித்தாள் அரசர் வில்லியம் ராண்டால்பு ஹெர்சுட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். இட்லர் ஆட்சிக்கு வருவாராயின் செருமனியில் வாழும் யூதர் அனைவர்மீதும் தாக்குதல் தொடங்கும் என்றும், அதனைத் தம் இதழ்களில் எடுத்துரைக்க வேண்டும் என்றும் அதில் வேண்டினார். இட்லர் பதவி ஏற்றது 1933 சனவரி 30ஆம் நாள். இக்கடிதம் ஏறத்தாழ ஓராண்டு முந்தியது. அக்காலத்தில் செருமனியின் உள்ளேயே அரசியல் அறிஞர் பலர், ஆட்சிப் பொறுப்பு வந்தால் அவர் அடங்கிவிடுவார் எனக் கூறிக்கொண்டிருந்தனர். ஆடைக்கடைக் கணக்கராய் இருந்தவர்க்குத் தெளிவாய்த் தோன்றியது அவர்களுக்குத் தோன்றாமற் போயிற்று. பெர்லின் அரங்கில் எலிகள் ஓடியதை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டமையே காரணம். நாட்சிகள் ஆட்சிக்கு வந்தபின் லௌபைமில் அவர் பெயரிட்ட தெருவின் பெயர் மாற்றப்பட்டது.

1935 இறுதியில், படச் செலவுக்காக யூனிவர்சல் ஏழரை இலட்சம் டாலர் கடன் வாங்கியது; குறித்த காலத்திற்குள் நிறுவனத்தை வாங்கிக்கொள்ளும் உரிமை கடன் தந்தோர்க்கு அளிக்கப்பட்டிருந்தது. 1936 மார்ச்சில் அவர்கள் அவ்வுரிமையைச் செலுத்தினர். சுமார் ஐம்பத்தைந்து இலட்சம் டாலர் என விலை பேசப்பட்டது. அறுபத்தொன்பது அகவையில் கையில் பணமும் பொழுதும் உடையவரானார் லெம்லி. அவ்விரண்டையும் அவர் எதில் செலவிட்டார் என்பதை அறிய அக்கால அமெரிக்கச் சட்டத்தைச் சிறிது காணுதல் வேண்டும்.

1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஆண்டொன்றுக்கு இத்துணைப் பேர் வரலாம் என வரையறுத்தது. செருமனிக்குரிய எண் 25,957. ஆனால் 1933இல் முடிந்த நிதியாண்டில் அவ்விடங்களுள் பத்தில் ஒரு பங்கும் நிரம்பவில்லை. வருவார் இல்லாமையன்று காரணம். பொதுமக்களுக்குச் சுமையாகக்கூடும் எனக் கருதப்படுவோர்க்கு நுழைவிசைவு மறுக்கலாம் என்னும் பழைய விதியை, 1930இல் குடியரசுத் தலைவர் ஹூவர், மிகக் கடுமையாகக் கையாளும்படி பணித்திருந்தார். செருமனியோ, வெளியேறும் யூதர் தம் பொருளை எடுத்துச் செல்லவொட்டாது தடுத்தது. பொருளைப் பறித்து அனுப்புகின்றது ஒரு நாடு. பொருள் இல்லாதார் வரலாகாது என்கின்றது மற்றொரு நாடு. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்டவனுக்கு ஒரே வழி, அபிடவிட்டு என வழங்கும் உறுதிமொழிப் பத்திரமே. இன்னார் என் பொறுப்பில் வருகின்றார், இவர் பொதுமக்களுக்குச் சுமையாகாதபடி நான் காப்பேன் என அமெரிக்காவிலுள்ள ஒருவர் ஆணையிட்டுக் கூற வேண்டும். தம் வருவாய், வங்கியிருப்பு, செலுத்திய வரி, தம்மைச் சார்ந்து வாழ்வோர் தொகை, வருபவர்க்கும் தமக்கும் உள்ள உறவு ஆகிய யாவற்றையும் அதில் காட்ட வேண்டும்.

இவ்வுறவு என்னும் பகுதியிலேதான் சிக்கல் இருந்தது. அக்காலத்தில் இப்பத்திரம் அறநெறிப்படி கட்டுப்படுத்துவதேயன்றி வழக்குமன்றத்தில் செல்லத்தக்கதன்று. கையெழுத்திட்டவர் பின்னர்க் கைவிட்டால் கேட்பாரில்லை. ஆதலின் தூதரக அலுவலர், இவர் உண்மையில் காப்பாரா என்பதை உறவின் நெருக்கம் கொண்டு அளந்தனர். தந்தை மகனுக்கு எழுதினால் ஐயமில்லை. மாமன் மருமகனுக்கு எழுதினாலும் ஏற்கலாம். ஊர்க்காரன் ஊர்க்காரனுக்கு எழுதினால் அவனுக்கு என்ன கடமை? அலுவலர் கேட்ட இக்கேள்வி அறிவுக்குப் பொருந்தாததன்று. ஆனால் கேட்கப்பட்டவர், ஊர்க்காரனை உறவினனாகக் கொண்டு முப்பது ஆண்டு ஊதியம் கொடுத்த ஒருவர். ஏளனத்துக்கு இடமான அந்த ஊதியப் பட்டியலே அவர் சொல்லுக்குச் சான்றாகத்தக்க ஆவணம். அதனை அவ்வாறு நோக்குவார் இலர்.

லெம்லி முதலில் தம் உறவினர்க்கும் லௌபைமின் பழைய குடும்பங்களுக்கும் பத்திரம் அளித்தார். பின்னர் வியூர்ட்டம்பர்க்கின் பிற ஊரார்க்கும், நண்பரின் நண்பர்க்கும், தாம் ஒருபோதும் கண்டறியாதார்க்கும் அளித்தார். பயணச் செலவு இல்லாதார்க்கு அதனையும் தந்தார். அளித்த பத்திரங்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவை என்பர். முந்நூறு பத்திரம் என்று சிலரும், முந்நூறு குடும்பம் என்று சிலரும், முந்நூறு பேர் என்று சிலரும் எழுதுவதை மாணவர் கவனித்தல் வேண்டும். ஒரு பத்திரத்தில் கணவன், மனைவி, மக்கள் ஆகிய யாவரும் அடங்குதல் உண்டாகலின் இவை மூன்றும் ஒரே தொகையாகா.

செருமனியில் குடியேற்ற நுழைவிசைவு வழங்கிய அமெரிக்கத் தூதரகங்கள் பெர்லின், ஆம்பர்க்கு, சுடுட்கார்ட்டு ஆகிய மூன்றே. லௌபைம் சுடுட்கார்ட்டின் எல்லைக்குட்பட்டது. அங்கே லெம்லியின் பத்திரங்கள் குவியக் குவிய, அலுவலர்க்கு ஐயம் வளர்ந்தது. இத்துணைப் பேரை ஒருவர் எவ்வாறு காப்பார்? எழுபது கடந்த முதியவரின் உறுதிமொழி எத்துணைக் காலம் நிற்கும்? இவற்றுக்கு விடையாக அவர் தூதரகத்துக்கு எழுதியனவற்றில் உணர்ச்சியுரையைக் காட்டிலும் கணக்குரையே மிகுதி. தாம் பத்திரம் அளிக்கும் ஒவ்வொருவர்க்கும், வந்தவுடன் வேலை தேடித் தம் காலில் நிற்க வேண்டும் என்று அறிவுறுத்துவதாக எழுதினார். யாரேனும் துன்புற நேரின் தம் பொருள் அதற்குப் போதும் என எழுதினார். சட்டப்படி நுழைவிசைவு தருவதும் மறுப்பதும் தூதரக அலுவலரின் முடிபு. அதன்மேல் முறையீடு இல்லை. இதனை அறிந்தும் அவர் வாளா இருந்தாரல்லர். நாடாளுமன்ற உறுப்பினர்க்கு எழுதினார். 1938 ஏப்பிரலில், செருமனி ஆசுத்திரியாவை விழுங்கிய ஒரு திங்களில், வெளிநாட்டமைச்சர் கார்டல் ஹல்லுக்கே எழுதினார். சுடுட்கார்ட்டுத் தூதரகம் தம் பத்திரங்களுக்குத் தடை செய்வதை அதில் முறையிட்டார். பத்திரம் கிடைக்காதாயின் ஆயிரக்கணக்கான யூதர் தற்கொலைக்குத் தள்ளப்படுவர் எனவும் எச்சரித்தார். தம் கையெழுத்து விலை போகாத இடங்களில் தம் குடும்பத்தாரையும் நண்பரையும் கையெழுத்திடத் தூண்டினார்.

முப்பது ஆண்டுகட்கு முன் அவர் நடத்திய போரோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் தகும். அன்றும் ஓர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் நின்றார் சிலர், இன்றும் அவ்வாறே. அன்றும் கடிதமே படைக்கலம், இன்றும் அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. எடிசன் கூட்டை நகையாட முடிந்தது. வெளிநாட்டுத் துறையை நகையாடினால் இழப்பவர் தாமல்லர், சுடுட்கார்ட்டில் வரிசையில் நிற்பவர். ஆதலின் கேலிப்படம் வரைவித்த அதே மனிதர் இங்குப் பணிந்து எழுதினார். அப்பணிவை 1931ஆம் ஆண்டுப் பணிவோடு ஒன்றாகக் கருதுதல் கூடாது. அங்குப் பணிந்தது ஒரு சந்தைக்காக. இங்குப் பணிந்தது பெயர் பெயராக அவர் அறிந்த மக்களுக்காக.

சான்றுகளைப் பற்றியும் ஒரு சொல். லெம்லியின் வாழ்க்கை வரலாற்றை யான் டிரிங்வாட்டர் என்னும் ஆங்கிலக் கவிஞர் அவர் விருப்பத்தின்படி எழுதி 1931இல் வெளியிட்டார். புகழ்ச்சி மிகுந்த நூல் அது. அதிற் கூறப்படுவனவற்றை ஆராயாமல் ஏற்றல் கூடாது. ஆயினும் அதன் பெருங்குறை புகழ்ச்சியன்று. 1931இல் முடிந்தமையின், புகழத்தக்க செயல் நிகழுமுன்னரே அந்நூல் முடிந்துவிட்டது. எழுதத் தூண்டிய பெரியவர்க்கும் அவர் கையிலிருந்த மிகப் பெரிய பணி அப்போது தெரியாது. பின்னர், அமெரிக்க ஆவணக் காப்பகத்திலுள்ள வெளிநாட்டுத் துறைத் தாள்களைக் கொண்டு, லௌபைமில் வாழ்ந்த உதோ பாயர் என்னும் ஆய்வாளரே இப்பகுதியை வெளிக்கொணர்ந்தார். அவர் கட்டுரை 1998இல் வெளிவந்தது. தொழில் வரலாறு பட நிலையத்துத் தாள்களில் கிடைப்பது. பிணை வரலாறு அரசின் தாள்களில் கிடைப்பது. முன்னர்க் கூறிய இரு மனிதர் தோற்றத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு செருமனி எங்கும் யூதர் வழிபாட்டிடங்கள் எரிக்கப்பட்டன, லௌபைமிலும் எரிக்கப்பட்டது. இனி நாட்டில் இருத்தல் இயலாது என அதுவரை தயங்கியோரும் தெளிந்தனர். அந்நிதியாண்டில் செருமனி, ஆசுத்திரியா இரண்டுக்குமுரிய 27,370 இடங்களும் முழுதும் நிரம்பின. இப்போது பத்திரம் கையிலிருந்தும் முறை வரும்வரை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. 1939 மே 13ஆம் நாள் ஆம்பர்க்கிலிருந்து 937 பேருடன் புறப்பட்ட செயின்ட் லூயிசு கப்பலில் இருந்தோருள் பெரும்பாலோர் இவ்வாறு அமெரிக்க முறைக்குக் காத்திருந்தவரே. கியூபா அவர்களை இறங்கவொட்டவில்லை. இருபத்தெண்மரே அங்கு இறங்க இசைவு பெற்றனர். கப்பல் புளோரிடாக் கரையைக் கண்டு நின்றது. அவர்களை ஏற்குமாறு வேண்டியவருள் லெம்லியும் ஒருவர். கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அதில் திரும்பியவருள் 254 பேர் பின்னர் நாட்சிகளின் படுகொலைக்கு இரையாயினர்.

1939 செப்டம்பர் 1ஆம் நாள் போர் தொடங்கியது. அம்மாதம் 24ஆம் நாள் லெம்லி பெவர்லி இல்சில் தம் இல்லத்தில் இறந்தார், அகவை எழுபத்திரண்டு. லௌபைமில் எஞ்சியிருந்த யூதர்களை 1941 இறுதியிலிருந்து கிழக்கே கொண்டுசென்றனர். கடைசிக் குழு 1942 ஆகத்துத் திங்களில் தெரேசியன்சுட்டாட்டுக்கு அனுப்பப்பட்டது. அவ்வூரில் யூதர் வாழ்வு அன்றோடு முடிந்தது. 1994இல் ஆங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்கு லெம்லியின் பெயர் இடப்பட்டது.